உளவியல் மாணவர்கள் மேற்படிப்புக்குத் தயாராவது எப்படி? பெங்களூரிலிருந்து ஒரு வழிகாட்டி

பெங்களூரில் உளவியல் பட்டம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் கடைசி வருடம் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த காலேஜில் எம்.எஸ்சி. சேரலாம்?" என்பதுதான். அதைக் கடைசியில் கேளுங்கள். என்ன வேலை பார்க்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டால், அதற்கு எந்தப் படிப்பு, எந்த நுழைவுத் தேர்வு, எந்தக் கல்லூரி என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிவாகும். இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கினால் பதற்றமில்லாமல் செய்யலாம்.

படி 1: வேலையைத் தேர்ந்தெடுங்கள்

"சைக்காலஜி படிச்சா டாக்டர் ஆயிடலாமா?" என்று வீட்டில் கேட்பார்கள். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்த மருத்துவர். மருந்து எழுதுவது அவர். உளவியலாளரின் வேலை மதிப்பீடு, சோதனைகள், பேச்சுவழிச் சிகிச்சை. இதைப் பெற்றோருக்கு ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கிளினிக்கல் (மனநோய் மதிப்பீடும் சிகிச்சையும்), கவுன்சலிங், பள்ளி உளவியல், நிறுவன உளவியல், ஆராய்ச்சி என்று பாதைகள் பல. ஒவ்வொன்றிலும் வேலை பார்க்கும் ஒருவரையாவது பிடித்து, "நேற்று காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். மருத்துவமனையில் இருப்பவர் நோயாளியின் வரலாறு கேட்டு எழுதியது, சோதனை எடுத்தது, அறிக்கை தயாரித்தது என்றுதான் பெரும்பாலும் சொல்வார். அந்த எழுத்து வேலை உங்களுக்குப் பிடிக்குமா? ஐ.டி. நிறுவனத்தில் ஆள் தேர்வும் பயிற்சியும் பார்ப்பவரின் நாள் முற்றிலும் வேறு மாதிரி இருக்கும்.

படி 2: படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாகப் பணிபுரிய, 1992ஆம் ஆண்டு சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு வேண்டும். சான்றிதழில் 'கிளினிக்கல்' என்று அச்சாகியிருந்தால் மட்டும் பதிவு கிடைத்துவிடாது. அந்தப் படிப்பையும், அதை நடத்தும் நிறுவனத்தையும் ஆர்சிஐ அங்கீகரித்திருக்க வேண்டும். லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி இரண்டு வருடம் படித்து முடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை.

பல வருடங்களாக இதற்கான வழி, முதுகலையில் 55 சதவீதம் எடுத்து, அப்புறம் இரண்டு வருட எம்.ஃபில். முடிப்பதாக இருந்தது. ஓசூர் ரோட்டில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் இதற்குப் பேர்போனது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி பொதுவாக எம்.ஃபில்லை நிறுத்தினாலும், கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் (மனநல சமூகப் பணி) 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு கொடுத்தது. அதன் இடத்தில் புதிய படிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. அதனால் சீனியர் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஆர்சிஐ இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை, சேரும் வருடத்தில் நீங்களே பாருங்கள். இன்னொன்று: 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூரக் கல்வியாகவோ ஆன்லைனிலோ நடத்த யுஜிசி அனுமதிப்பதில்லை.

படி 3: நுழைவுத் தேர்வு

டெல்லி பல்கலைக்கழகம், மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) போன்ற இடங்களுக்கு சியூஇடி பி.ஜி. என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். 75 கேள்விகள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் 1 குறையும். கிறைஸ்ட் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனியாகத் தேர்வும் நேர்காணலும் வைக்கின்றன. எதை எழுதினாலும் புள்ளியியலையும் ஆராய்ச்சி முறையையும் முதலில் முடியுங்கள். எல்லாரும் தள்ளிப்போடும் பாடம் அதுதான், மதிப்பெண் கை நழுவுவதும் அங்கேதான்.

படி 4: அனுபவம்

பட்டப்படிப்பு படிக்கும்போது நீங்கள் யாருக்கும் கவுன்சலிங் கொடுக்கக் கூடாது. 'ஒரு வாரத்தில் கவுன்சலர் சான்றிதழ்' என்று வரும் விளம்பரங்களைத் தள்ளிவிடுங்கள். சிறப்புப் பள்ளியில் தன்னார்வலராக இருப்பது, பேராசிரியரின் ஆய்வுக்குத் தரவு சேகரிப்பது இரண்டும் நல்ல தொடக்கம். அதோடு கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து வரும் நோயாளியிடம் தமிழிலும், ராமநகராவிலிருந்து வருபவரிடம் கன்னடத்திலும் பேச முடிந்தால், இந்த ஊரில் அதைவிடப் பெரிய தகுதி குறைவு.

படி 5: எஸ்ஓபி எழுதுவது

ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லும் கடிதம் இது. பெரும்பாலானோர் இப்படித் தொடங்குகிறார்கள்: "சிறு வயதிலிருந்தே மற்றவர்களுக்கு உதவுவதில் எனக்கு ஆர்வம் அதிகம்." இதை யாரும் எழுதலாம், எந்தப் படிப்புக்கும் எழுதலாம். இதையே இப்படி மாற்றிப் பாருங்கள்:

"மூன்றாம் ஆண்டு ஆய்வுக்காக ஈஜிபுராவில் வீட்டுவேலை செய்யும் பெண்களிடம் தூக்கம் பற்றிக் கேட்டேன். வேலை செய்யும் வீட்டில் கேட்டபோது 'நல்லா தூங்குறேன்' என்றவர்கள், தங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசியபோது வேறு பதில் சொன்னார்கள். கேட்கும் இடம் பதிலை எப்படி மாற்றுகிறது என்பதை முறையாகப் படிக்க விரும்புகிறேன்."

செய்தது, கவனித்தது, அதிலிருந்து எழுந்த கேள்வி என்று மூன்றும் இதில் இருக்கின்றன. நேர்காணலில் உங்களிடம் எதைக் கேட்கலாம் என்றும் தேர்வாளருக்குத் தெரிந்துவிடும். இது உதாரணம்தான்; இதில் உங்கள் அனுபவம் இருக்க வேண்டும். சொந்த மனநலப் பிரச்சினையைப் பற்றி எழுத நினைப்பவர்கள், நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புவது நல்லது.

படி 6: பரிந்துரைக் கடிதம்

துறைத் தலைவர் என்பதற்காகவே அவரிடம் போய் நிற்காதீர்கள். உங்கள் ஆய்வு அறிக்கையைப் படித்துத் திருத்திய ஆசிரியர் யாரோ, அவர் எழுதும் கடிதத்துக்குத்தான் எடை அதிகம். இரண்டு மாதம் முன்பே கேளுங்கள். மதிப்பெண் பட்டியல், எஸ்ஓபி வரைவு, கல்லூரிகளின் பெயரும் கடைசித் தேதியும் எல்லாவற்றையும் ஒரே மெயிலில் அனுப்பிவிடுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் இன்னும் முன்னதாகக் கேட்க வேண்டும், அங்கே பிஎச்.டி.க்குப் பல துறைகளில் கடைசித் தேதி டிசம்பரிலேயே முடிந்துவிடும். தேதிக்குப் பத்து நாள் முன்பு மரியாதையாக ஒருமுறை நினைவூட்டுங்கள். எந்த ஆசிரியரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.