உரிமம் பெற்ற புதிய விமானி குறைந்த செலவில் தொடர்ந்து பறப்பது எப்படி

அமெரிக்காவில் சொந்தப் பணத்தைச் செலவழித்துத் தனியார் விமானி உரிமம் பெறுபவர்களில் பலர், தேர்வில் தேறிய ஓரிரு ஆண்டுகளுக்குள் பறப்பதையே விட்டுவிடுகிறார்கள். ஆர்வம் குறைந்துபோவதைவிட, திட்டம் இல்லாமல் போவதே இதற்குப் பெரிய காரணம். பயிற்சிக் காலத்தில் அடுத்த பாடம் எது, அதற்கு எந்த நாள் என்பதைப் பயிற்றுநர் முடிவு செய்தார். உரிமம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து அதைச் சொல்ல ஆள் இல்லை. சேமிப்பும் கரைந்திருக்கும், பல மாதங்கள் வாரக் கடைசிகளை விட்டுக்கொடுத்த குடும்பமும் தனக்குரிய நேரத்தைக் கேட்கும். வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டே பறக்க விரும்பும் தமிழர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது இந்தக் கட்டுரை. இதில் வரும் விதிகள் யாவும் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் விதிகள்.

முதலில், செலவை மணிக்கணக்கில் பார்ப்பதை விட்டு மாதக்கணக்கில் பார்க்கத் தொடங்க வேண்டும். நான்கு இருக்கை உள்ள சிறிய செஸ்னா 172 விமானத்தின் வாடகை இன்று பல ஊர்களில் மணிக்கு 150 முதல் 200 டாலர் வரை, சில நகரங்களில் அதற்கு மேலும் இருக்கிறது. அந்தத் தொகையைப் பார்த்து மலைத்து, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நீண்ட பயணமாகப் போய்க்கொள்ளலாம் என்று பலர் தீர்மானிக்கிறார்கள். உண்மையில் அதுதான் அதிகச் செலவு வைக்கும் முறை. பயணிகளை ஏற்றிச் செல்ல வேண்டுமானால், முந்தைய 90 நாட்களுக்குள் அதே வகை விமானத்தில் மூன்று முறை புறப்பட்டு மூன்று முறை தரையிறங்கியிருக்க வேண்டும். இரவில் ஏற்றிச் செல்வதற்கு அந்த மூன்றும் இரவிலேயே, ஒவ்வொரு முறையும் விமானத்தை முழுமையாக நிறுத்தித் தரையிறங்கியதாக இருக்க வேண்டும். இது விதி கேட்கும் குறைந்த அளவு மட்டுமே. வாடகைக்கு விடுபவர்களில் பலர் 60 அல்லது 90 நாட்கள் பறக்காதவரைப் பயிற்றுநரோடு ஒருமுறை பறந்து காட்டும்படி கேட்பார்கள். அப்போது விமான வாடகையோடு பயிற்றுநர் கட்டணமும் சேர்ந்துகொள்ளும், பறந்த ஒரு மணி நேரமும் மறந்ததை மீட்பதிலேயே போய்விடும். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் கையும் பழக்கத்தில் இருக்கும், மாதச் செலவும் முன்கூட்டியே தெரியும். இதற்காக வங்கியில் தனிக் கணக்கு ஒன்று திறந்து, சம்பள நாளன்று அதில் ஒரு தொகையைப் போட்டுவிடுவது நல்லது. வீட்டில் இதைப் பற்றிப் பேசுவதும் அதனால் எளிதாகிறது.

எங்கே வாடகைக்கு எடுப்பது என்பது அடுத்த முடிவு. பயிற்சி பெற்ற பள்ளியிலேயே தொடர்வது பழக்கத்தால் வருவது. பெரும்பாலானவர்களுக்கு ஃப்ளையிங் கிளப்தான் பொருத்தமான இடம் என்பது என் உறுதியான கருத்து. உறுப்பினர்கள் சேர்ந்து ஒன்றிரண்டு விமானங்களை வைத்திருப்பார்கள், இலாப நோக்கம் இருக்காது, மாதச் சந்தாவும் பறக்கும் நேரத்துக்கான கட்டணமும் தனித்தனியாக இருக்கும். சில கிளப்களில் சேரும்போது விமானத்தில் பங்கு வாங்க வேண்டும், அதை விலகும்போது விற்றுக்கொள்ளலாம். சிலவற்றில் நுழைவுக் கட்டணம் மட்டும்தான். விமான உரிமையாளர்கள் மற்றும் விமானிகளின் சங்கமான ஏ.ஓ.பி.ஏ.வின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கிளப்களைத் தேடலாம். ஆயினும் இணையத்தில் பெயரே இல்லாத சிறு கிளப்களும் உண்டு என்பதால், சனிக்கிழமை காலையில் அருகிலுள்ள சிறிய விமான நிலையத்துக்கு நேரில் போய், விமானக் கொட்டகையின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களிடம் விசாரிப்பதே மேல்.

கட்டணத்தை ஒப்பிடும்போது மூன்று செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எரிபொருள் வாடகையில் சேர்ந்திருக்கிறதா, தனியா என்பது ஒன்று. நேரத்தை ஹாப்ஸ் மீட்டரில் கணக்கிடுகிறார்களா, டாக் மீட்டரில் கணக்கிடுகிறார்களா என்பது இன்னொன்று: ஹாப்ஸ் ஏறக்குறையக் கடிகாரம் போல ஓடும், டாக் எஞ்சின் சுழற்சி குறைவாக இருக்கும்போது மெதுவாக ஓடும். ஆகவே ஒரே வாடகை விகிதத்தில் டாக் கணக்கு பறப்பவருக்கு இலாபம். மூன்றாவது, விபத்து நேர்ந்தால் பறந்தவர் எவ்வளவு பொறுப்பேற்க வேண்டும் என்பது. உரிமையாளரின் காப்பீடு உரிமையாளரைத்தான் காக்கும். காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை விமானத்தை ஓட்டியவரிடமிருந்து வசூலிக்க வர முடியும். வாடகை விமானிகளுக்கென்று தனியாக விற்கப்படும் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் அதுவன்று. அதேபோல், பத்து அல்லது இருபது மணி நேரத்துக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி தருவதாகச் சொல்வார்கள். பள்ளி மூடப்பட்டால் அந்தப் பணம் திரும்பி வருவது அரிது. அடுத்த ஓரிரு மாதங்களில் பறந்து தீர்க்கக்கூடிய தொகைக்கு மேல் யாரிடமும் கட்டி வைக்கக் கூடாது.

நான்கு இருக்கை உள்ள விமானம் எப்போதும் தேவைப்படாது. தனியாகவோ ஒரே ஒருவரோடோ பறக்கும் நாட்களுக்கு செஸ்னா 150 அல்லது 152 போதும். 172 மணிக்கு எட்டு ஒன்பது கேலன் எரிபொருள் குடிக்கும் இடத்தில் இவை ஐந்தாறு கேலனோடு நின்றுகொள்ளும், வாடகையும் அதற்கேற்பக் குறைவு. இடம் நெருக்கமானது, எடைக் கணக்கைக் கவனமாகப் போட வேண்டும். ஆனால் தரையிறக்கப் பயிற்சிக்கு இவற்றைவிட நல்ல விமானம் கிடைப்பது அரிது.

பறக்கும் ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் பயன்படுத்துவதும் சேமிப்புதான். ஹாப்ஸ் மீட்டர் ஆறு நிமிடத்துக்கு ஓர் எண் ஏறும். மணிக்கு 180 டாலர் வாடகை என்றால் அந்த ஓர் எண்ணின் விலை 18 டாலர். எஞ்சினை இயக்கிவிட்டு, பார்க்கிங்கில் நின்றபடியே டேப்லெட்டில் வழியைப் பதிந்து, வானிலைப் பதிவைக் கேட்டு எழுதி, அலைவரிசைகளைத் தேடிக்கொண்டிருக்கும் புதிய விமானி இரண்டு மூன்று எண்களைத் தரையிலேயே செலவழித்துவிடுகிறார். இவற்றில் பெரும்பகுதியை எஞ்சின் ஓடாதபோதே முடிக்கலாம். பல நிலையங்களின் தானியங்கி வானிலை அறிக்கையைத் தொலைபேசியிலேயே கேட்க முடியும்; ஓடுபாதை எது, காற்று எந்தப் பக்கம், முதலில் அழைக்க வேண்டிய அலைவரிசை எது என்பதைத் தொடையில் கட்டும் பலகையில் எழுதிக்கொண்டு ஏறலாம். வழியைத் திட்டமிட ஸ்கைவெக்டர் என்ற இலவச இணையதளம் போதும். ஆனால் சரிபார்ப்புப் பட்டியலை விரைவாகப் படிப்பதும், புறப்படுமுன் செய்யும் எஞ்சின் சோதனையைச் சுருக்குவதும் கூடவே கூடாது. மீட்டர் ஓடுகிறது என்ற எண்ணம் மனத்தில் வந்துவிட்டால், அன்றைக்கு ஒரு சுற்றுக் குறைவாகப் பறந்துவிட்டு வாருங்கள்.

வெளியூர் போகும்போது எரிபொருள் எங்கே போடுவது என்பதையும் பார்க்க வேண்டும். முப்பது மைல் தள்ளியிருக்கும் இரண்டு நிலையங்களுக்கு இடையே கேலனுக்கு ஒரு டாலருக்கு மேல் வேறுபாடு இருப்பது சாதாரணம், நாமே நிரப்பிக்கொள்ளும் பம்ப் பெரும்பாலும் மலிவு. ஏர்நாவ் இணையதளத்தில் விலைகள் இருக்கின்றன. எரிபொருள் சேர்ந்த வாடகையானால் வெளியூரில் போட்டதை எந்த விலைக்குத் திருப்பித் தருவார்கள் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவைப் பகிர்ந்துகொள்வது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. பலர் விதியைத் தவறாகப் புரிந்துகொள்வதும் இங்கேதான். தனியார் விமானி தன்னோடு வருபவர்களிடம் எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், வாடகை ஆகிய நான்கை மட்டும் பகிர்ந்துகொள்ளலாம், அவற்றிலும் தன் சம பங்குக்குக் குறையாமல் தானே கட்ட வேண்டும். விமானியோடு சேர்த்து நான்கு பேர் என்றால் அவர் பங்கு குறைந்தது நான்கில் ஒன்று. கிளப் சந்தாவையோ காப்பீட்டையோ பயணிகள் தலையில் ஏற்ற முடியாது. அதோடு, விமானிக்கும் அந்த ஊருக்குப் போக வேண்டிய காரணம் இருக்க வேண்டும். இருக்கை காலியாக இருக்கிறது என்று பொதுவெளியில் அறிவிப்பது, வணிக விமான சேவை நடத்துவதாகக் கொள்ளப்படும். ஃப்ளைட்நவ் என்ற இணையதளம் இப்படிப் பயணிகளையும் விமானிகளையும் சேர்த்து வைக்க முயன்றபோது, 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்.ஏ.ஏ.வின் பக்கமே தீர்ப்பளித்தது. நூற்றுக்கணக்கானவர்கள் உள்ள தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் "ஞாயிற்றுக்கிழமை போகிறேன், இரண்டு இடம் இருக்கிறது" என்று போடுவதும் இந்த ஆபத்துக்குள் வருவதே. "முழுச் செலவும் நான் தருகிறேன், குழந்தைகளை ஒரு சுற்று அழைத்துப் போங்கள் அண்ணா" என்று நண்பர் அன்போடு கேட்டாலும், உங்கள் பங்கை நீங்கள் கட்டியாக வேண்டும் என்பதைப் புரியும்படி சொல்லிவிடுங்கள்.

இதைவிட நல்ல பகிர்வு, உங்களைப் போலவே உரிமம் வைத்திருக்கும் இன்னொருவரோடு சேர்வது. போகும்போது ஒருவர் ஓட்ட, அங்கே காபி குடித்துவிட்டுத் திரும்பும்போது மற்றவர் ஓட்டினால், அவரவர் ஓட்டிய நேரத்துக்கு அவரவர் கட்டிவிடலாம், பாதிச் செலவில் முழுப் பயணமும் கிடைக்கும். அடுத்தவர் ஓட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதில் கற்பதும் நிறைய.

சேஃப்டி பைலட்டாகப் போவது பலருக்குத் தெரியாத வழி. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சிக்காக ஒருவர் கண்ணுக்கு மறைப்பு அணிந்துகொண்டால், வெளியே பார்த்துக்கொண்டிருக்க அந்த வகை விமானத்துக்கு உரிமம் பெற்ற இன்னொரு விமானி பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குத் தனியார் உரிமமும் செல்லுபடியாகும் மருத்துவத் தகுதியும் போதும் என்பதால், நேற்று உரிமம் பெற்றவரும் போகலாம். கருவிப் பறத்தல் தகுதியைக் காத்துக்கொள்ள வேண்டிய விமானிகள் எப்போதும் இப்படி ஒருவரைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் செலவு அவர்களுடையது. அந்த நேரத்தை விமானத்தின் பொறுப்பு விமானியாக உங்கள் பதிவேட்டிலும் எழுதிக்கொள்ள விரும்பினால், அப்பொறுப்பு யாருடையது என்பதைப் புறப்படுமுன் பேசி முடிவு செய்ய வேண்டும். காப்பீடு அதற்கு இடம் தருகிறதா என்று பார்த்து, செலவில் பாதியை நீங்கள் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு.

தன்னார்வப் பணிகள் செலவை முற்றிலும் நீக்குவதில்லை, ஆனால் பறப்பதற்கு ஒரு காரணம் தருகின்றன. விமான ஆர்வலர்களின் சங்கமான இ.ஏ.ஏ. 1992இல் தொடங்கிய யங் ஈகிள்ஸ் திட்டத்தில் 8 முதல் 17 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியரை விமானிகள் இலவசமாக அழைத்துச் செல்கிறார்கள். சேருவதற்கு உறுப்பினர் ஆவதோடு, குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் பின்னணிச் சரிபார்ப்பும் தேவை. பைலட்ஸ் என் பாஸ் என்ற அமைப்பின் வழியாகக் கைவிடப்பட்ட நாய்களைப் புதிய வீடுகளுக்கு எடுத்துச் செல்லலாம். இவற்றின் எரிபொருள் போன்ற நேரடிச் செலவை நன்கொடையாக வருமான வரியில் காட்ட இடம் உண்டு, கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 1941இல் தொடங்கப்பட்ட சிவில் ஏர் பேட்ரோல் தன் சொந்த செஸ்னா விமானங்களில் உறுப்பினர்களைத் தேடுதல், மீட்புப் பணிகளில் ஈடுபடுத்துகிறது. பணிக்கான பறத்தலின் செலவை அரசே ஏற்கும். அதில் சேரக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும் என்பதால், எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு அந்த வாசல் இப்போதைக்குத் திறக்காது.

எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரை ஓட்டும் கிளப்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் குறைந்த பணத்தில் விமானம் ஓட்டும் திறனை இவ்வளவு கூர்மையாக்கும் வேறொன்று இல்லை. ஏற்கெனவே 40 மணி நேரம் விமானம் ஓட்டியவர், கிளைடரில் 3 மணி நேரமும், அதற்குள் தனியாக 10 முறையும், தேர்வுக்குத் தயாராகப் பயிற்றுநரோடு 3 முறையும் பறந்தால், கிளைடர் தகுதிக்கான செயல்முறைத் தேர்வுக்குப் போகலாம். எழுத்துத் தேர்வு இல்லை, மருத்துவச் சான்றிதழும் தேவையில்லை. எஞ்சின் இல்லாததால் மேலே இழுத்துச் செல்லும் கட்டணமும் கிளைடர் வாடகையும்தான் செலவு. உறுப்பினர்களே ஓடுபாதை ஓரம் நின்று இறக்கையைப் பிடிப்பதும் கயிற்றை மாட்டுவதுமாக எல்லா வேலைகளையும் செய்துகொள்வதால் கட்டணம் குறைவாகவே இருக்கும். இன்னொரு பயனும் இருக்கிறது. பொறுப்பு விமானியாக 100 மணி நேரம் சேர்ந்த தனியார் விமானி, உரிய பயிற்சியும் பயிற்றுநரின் கையொப்பமும் பெற்றுக்கொண்டால், அந்தக் கிளைடர்களை இழுக்கும் விமானத்தை ஊதியமின்றி ஓட்டலாம். எரிபொருள் கிளப்புடையது. கோடைக்காலச் சனிக்கிழமை ஒன்றில் ஓர் இழுவை விமானி செய்யும் புறப்பாடுகளையும் தரையிறக்கங்களையும் வாடகை விமானத்தில் செய்வதற்குப் பல மாதங்களின் பணம் வேண்டும். அந்த 100 மணி நேரத்தை இலக்காக வைத்துக்கொண்டு பறப்பதற்கு இது நல்ல காரணம்.

கருவிப் பறத்தல் தகுதியைப் பின்னால் பெற எண்ணுபவர்கள், இப்போதே 50 கடல்மைலுக்கு அப்பாலுள்ள நிலையங்களில் இறங்கி வந்தால், அதற்குத் தேவையான 50 மணி நேர வெளியூர்ப் பறத்தல் தானாகச் சேர்ந்துகொண்டே வரும். குடியுரிமை இல்லாதவர்கள், கிரீன் கார்டு உள்ளவர்களும்கூட, அந்தப் பயிற்சியைத் தொடங்குமுன் போக்குவரத்துப் பாதுகாப்பு நிறுவனமான டி.எஸ்.ஏ.வின் அனுமதி பெற வேண்டும். 24 மாதங்களுக்கு ஒருமுறை பயிற்றுநரோடு செய்யும் மறுஆய்வுப் பறத்தலுக்கு அது தேவையில்லை; எஃப்.ஏ.ஏ.வின் விங்ஸ் என்ற விமானிகளுக்கான தொடர்பயிற்சித் திட்டத்தில் ஒரு கட்டத்தை முடித்தால் அதையே மறுஆய்வாகக் கொள்வார்கள்.

கூட்டாக விமானம் வாங்குவது எப்போது கட்டுப்படியாகும் என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கைக் காட்டுவதற்காக ஒரு பழைய செஸ்னா 150ஐ எடுத்துக்கொள்வோம்: நிறுத்துமிடம் 1,200, காப்பீடு 1,600, கட்டாய ஆண்டுப் பரிசோதனை 2,000 என்று ஆண்டுக்கு 4,800 டாலர், எரிபொருள், எண்ணெய், பழுது, எஞ்சினைப் புதுப்பிக்க ஒதுக்குவது எல்லாம் சேர்ந்து மணிக்கு 60 டாலர். ஒருவரே ஆண்டுக்கு 40 மணி நேரம் பறந்தால் மணிக்கு 180 டாலர் ஆகிறது, அதாவது செஸ்னா 172ஐ வாடகைக்கு எடுக்க ஆகும் அளவு செலவு. நான்கு பேர் ஆளுக்கு 40 மணி நேரம் பறந்தால் 90 டாலர். வாங்கும் விலை இதில் சேரவில்லை. வாங்குமுன், விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கைக் கொண்டு சோதிக்க வேண்டும். கூட்டாளிகள் எவ்வளவு நெருங்கிய நண்பர்களானாலும், யார் எந்த வாரக் கடைசியில் எடுப்பது, பெரிய பழுதுக்குப் பணத்தை எத்தனை நாட்களுக்குள் தருவது, ஒருவர் ஊர் மாறிப் போனால் அவர் பங்கை என்ன விலைக்கு யார் வாங்குவது என்பனவற்றை எழுதிக் கையெழுத்திட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.