பழைய ஆம்ப்ளிஃபயர் ஃபியூஸாகத் தின்கிறதா? முதலில் ஒரு குண்டு பல்பு வாங்குங்கள்

பழைய சாமான் கடையில் 800 ரூபாய்க்கு ஒரு அசெம்பிள்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் கிடைத்தது. "ஓடும் சார், ஃபியூஸ் மட்டும் போட்டுக்குங்க" என்றார் கடைக்காரர். போட்டேன். சுவிட்சைத் தட்டியதும் போய்விட்டது. இன்னொன்றும் போனது. மூன்றாவது தடவை செம்புக் கம்பியைச் சுற்றிவிடலாமா என்று கை அரித்தது. நல்லவேளை, சுற்றவில்லை. சுற்றியிருந்தால் அடுத்து டிரான்ஸ்ஃபார்மர்தான் புகைந்திருக்கும்.

முதலில் செய்ய வேண்டியது சீரியஸ் பல்பு. எலக்ட்ரீஷியன்கள் பையில் வைத்திருப்பார்களே, அதேதான். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் பேஸ் வயரின் நடுவில் 100 வாட் குண்டு பல்பு வரவேண்டும். உள்ளே முழு ஷார்ட் இருந்தாலும் அரை ஆம்பியருக்கு மேல் போகாது. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் சரி, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர்கள் நிறைந்துவிட்டன. பளிச்சென்றே நின்றால் எங்கோ ஷார்ட். இந்த பல்பு ஆம்ப்ளிஃபயரைத்தான் காக்கும், உங்களை அல்ல. உள்ளே கை வைக்கும்முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

பிடுங்கினாலும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சில விநாடிகள் குறுக்கே பிடித்துவிட்டு, மல்டிமீட்டரில் வோல்ட் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். ஸ்குரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்க விடுவதைச் சிலர் வீரமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அடுத்து, இரண்டு சேனல் போர்டுகளுக்கும் போகும் சப்ளை வயர்களைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். பல்பு மங்கியது. அப்படியானால் பவர் சப்ளை நலம். வலது போர்டை மட்டும் இணைத்தேன், மங்கியது. இடது போர்டை இணைத்ததும் பளிச்.

ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டிரான்சிஸ்டர்தான் முதல் சந்தேகம். இடது பக்கத்து 2என்3055 டிரான்சிஸ்டரைக் கழற்றி, மீட்டரை ஷார்ட் இருந்தால் கத்தும் நிலையில் வைத்து அளந்தால், அதன் மூன்று முனைகளில் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே 'பீப்' என்றது. செத்துவிட்டது. அதன் ஜோடி டிரான்சிஸ்டரான எம்ஜே2955-ஐயும் சேர்த்தே மாற்றினேன். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் வாங்குவதானால் விலை குறைந்ததைக் கேட்காதீர்கள், போலி நிறைய.

இனிதான் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்ட இடம். புதுசு போட்டும் பல்பு பளிச். கழற்றி அளந்தால் டிரான்சிஸ்டர் நல்லாயிருக்கிறது, மாட்டினால் ஷார்ட்! சந்தேகப்பட்டு இன்னொரு ஜோடியும் வாங்கிவிட்டேன். விஷயம் என்னவென்றால், இந்த டிரான்சிஸ்டரின் உலோக உடம்பேதான் கலெக்டர். அதற்கும், சூட்டை வெளியேற்றும் அலுமினியத் துண்டான ஹீட் சிங்குக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு இருக்கும். அது பத்தாது. திருகு போகும் துளையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் புஷ்ஷும் வேண்டும். அதைப் பழைய டிரான்சிஸ்டரோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருந்தேன். திருகு வழியாகக் கலெக்டர் நேராக ஹீட் சிங்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதுதான் ஷார்ட்.

இதைச் சோதிக்காமலும் இல்லை. டிரான்சிஸ்டர் உடம்பில் ஒரு முனை, ஹீட் சிங்கில் ஒரு முனை வைத்தேன், 'பீப்' வரவில்லை. ஆனால் ஹீட் சிங்கின் கறுப்புப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது! ஓரத்தில் கொஞ்சம் சுரண்டி, வெறும் அலுமினியத்தில் வைத்ததும் கத்தியது. புஷ் போட்டு, மைக்காவின் இரு பக்கமும் ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி மாட்டினேன். பல்பு மங்கியது.

உடனே ஸ்பீக்கரை மாட்டிவிடாதீர்கள். சீரியஸ் பல்பை நீக்கி ஆம்ப்ளிஃபயரை நேரடியாக இணைத்துவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. எனக்கு 18 வந்தது. சப்ளை 28 வோல்ட் அப்படியே அங்கு வந்தால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கருகிவிடும். முதலில் ஏதாவது பழைய ஸ்பீக்கரை மாட்டிப் பாருங்கள்.

வால்யூம் திருப்பினால் கொரகொரக்கிறதா? காண்டாக்ட் கிளீனரை அடித்து இருபது முறை திருப்புங்கள், போதும்.

பிற்சேர்க்கை: எல்இடி பல்பைச் சீரியஸில் போட்டு, எதுவும் புரியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்இடி, சிஎஃப்எல் இரண்டுமே உதவாது. சூடாகும் இழைதான் இங்கே வேலை செய்கிறது. குண்டு பல்பு கிடைக்காவிட்டால் 100 வாட் ஹாலோஜன் போடலாம், ஆனால் கை சுடும்.