சொல்வதெழுதுதல்: தனிச்சொல்லை விட்டுத் தொடருக்கு வந்தது

ஆங்கிலம் கற்கும் என் மாணவர்கள், தனித்தனியாகச் சொன்ன புதிய சொற்களைப் பிழையின்றி எழுதினார்கள். அதே சொற்கள் வாக்கியத்தில் வந்தபோது அவற்றை அடையாளம் காணவே முடியவில்லை. பட்டியலைச் சுருக்கினேன், ஒவ்வொரு சொல்லையும் பலமுறை எழுதவைத்தேன், நிறுத்தி நிதானமாக வாசித்தேன். எதுவும் பலன் தரவில்லை.

விடைத்தாள்களை அருகருகே வைத்து ஒப்பிட்டபோதுதான், பிழைகள் கடினமான சொற்களில் அல்லாமல், பெரும்பாலும் இரு சொற்கள் சேரும் இடத்திலேயே விழுந்திருப்பது தெரிந்தது. ‘டிபெண்ட் ஆன்’ என்பது இயல்பான பேச்சில் ‘டிபெண்டான்’ என ஒட்டி ஒலிப்பதால், பலர் ‘டிபெண்டன்ட்’ என்று எழுதியிருந்தார்கள். தனிச்சொல்லாகவே சொல்லிக்கொண்டிருந்தால் இந்தச் சேர்க்கை காதில் விழ வழியே இல்லை.

ஆகவே, புதிய சொற்கள் நான்கைந்து அடங்கிய ஒரு சிறு பத்தியை இயல்பான வேகத்தில் இருமுறை வாசித்து, முதல்முறை கேட்க மட்டும் விட்டு, இரண்டாம் முறை முக்கியச் சொற்களைக் குறித்துக்கொள்ளச் செய்து, பிறகு இருவர் இருவராகப் பத்தியை மீண்டும் எழுதச் சொன்னேன். டிக்டோகிளாஸ் எனப்படும் முறை இது. அவர்கள் எழுதியதை மூலப் பத்தியோடு ஒப்பிடும் கடைசிக் கட்டத்தை மட்டும் அவசரப்படுத்தக் கூடாது, ஏனெனில் எந்தச் சொல்லோடு எது சேரும் என்ற வாதம் அங்குதான் நடக்கிறது. இப்போது, எனக்குப் பெரும் நிம்மதி தரும்படி, மாணவர்கள் சொல்லை அதன் துணைச்சொல்லோடு சேர்த்தே எழுதுகிறார்கள்.