வீட்டுப் பாடத்தைக் கதையாக்கி அடுத்த மலைக்கு அனுப்புவது எப்படி?

வீட்டுக் கல்வி என்று சொன்னதும், பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்திவிடச் சொல்கிறீர்களா என்று சிலர் பதறுகிறார்கள். அது இல்லை. இலங்கையில் 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். அதற்கு முன் அந்த எல்லை 14 வயதாக இருந்தது. முழுக்க வீட்டிலேயே படிப்பிக்க நினைப்பவர்கள் முதலில் கோட்டக் கல்வி அலுவலகத்தில் பேசிவிட வேண்டும். இந்தப் பதிவு மற்றவர்களுக்கானது. பாடசாலைக்குப் போகிற பிள்ளை மாலையிலும், விடுமுறையிலும், அடைமழையில் பாடசாலை மூடிக் கிடக்கிற நாட்களிலும் வீட்டைச் சுற்றி எதைப் படிக்கலாம், படித்ததை வேறொரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையோடு எப்படிக் கதையாக மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இங்கே விஷயம்.

ஏன் மாற்றிக்கொள்ள வேண்டும்? பிள்ளை எழுதுவதை ஆசிரியர் திருத்துவதற்காக வாசிக்கிறார், நாம் கண்டிப்பதற்காக வாசிக்கிறோம். அடுத்து என்ன நடந்தது என்று அறிவதற்காகவே வாசிக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டால், ஐந்து வரிக்கு மேல் எழுத மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைகூடப் பக்கம் திருப்பி எழுதும்.

படி 1: மலையின் மறுபக்கத்தில் ஒரு குடும்பத்தைப் பிடியுங்கள்

பக்கத்து லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) வேண்டாம். அங்கே பெய்வதும் இங்கே பெய்வதும் ஒரே மழை. ஒரே பீலித் தண்ணீர் (குழாய் வழி விழும் ஊற்றுத் தண்ணீர்), ஒரே கோயில் திருவிழா. எழுதுவதற்கு எதுவும் இருக்காது.

நமது மலைநாட்டின் விசேஷம் என்னவென்றால், ஒரே மாதத்தில் இரண்டு பக்கத்திலும் இரண்டு காலநிலை. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன் பக்கத்தை ஊறவைத்துவிட்டு, மலையைத் தாண்டும்போது ஈரம் இழந்து, கிழக்கே பண்டாரவளை, பதுளை இருக்கிற ஊவா மாகாணத்துக்குள் வறண்ட காற்றாக இறங்குகிறது. ஜூலையில் மஸ்கெலியாப் பிள்ளை காயாத சீருடையைப் பற்றி எழுதும்போது பண்டாரவளைப் பிள்ளை தூசியையும் வற்றிய ஊற்றையும் பற்றி எழுதும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பதும் அந்த வறண்ட காற்றுதான். ஆண்டு முடிவில் வடகிழக்குப் பருவக்காற்று வரும்போது கதை தலைகீழாகிவிடும்.

ஆகவே நீங்கள் மேற்குச் சரிவில் இருந்தால் பதுளை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கமாகத் தேடுங்கள். அங்கே இருப்பவர்கள் இந்தப் பக்கம் பாருங்கள். ஆளை எப்படிப் பிடிப்பது என்று மலைக்க வேண்டாம். பெண் கொடுத்துப் பெண் எடுத்து நம் உறவு ஏற்கெனவே எல்லா மலையிலும் பரவித்தான் கிடக்கிறது. உங்கள் நாத்தனார் எந்தத் தோட்டத்துக்கு வாக்கப்பட்டுப் போனார்? அவர் வீட்டில், அல்லது அவருடைய லயத்தில், உங்கள் பிள்ளைக்கு ஒத்த வயதில் ஒருவன் இருக்கிறானா? அங்கிருந்து தொடங்குங்கள். உறவு வழியாகக் கிடைக்காவிட்டால், அந்தப் பக்கத்துப் பாடசாலையில் படிப்பிக்கும் ஓர் ஆசிரியரிடம் சொல்லிவைத்தால் போதும். தொடக்கத்துக்கு இரண்டு குடும்பம் தாராளம். நாலுக்கு மேல் போனால் யார் யாருக்குப் பதில் போட வேண்டும் என்பதே தகராறாகிவிடும்.

படி 2: நேரம்

கொழுந்து நிறுத்துவிட்டு வீடு வந்து, குளித்து, அடுப்பு மூட்டும் நேரத்தில் எந்தத் தாயாலும் படிப்பிக்க முடியாது. வாரத்தில் இரண்டு மாலை, விளக்கு வைத்த பின் அரை மணித்தியாலம். ஞாயிறு காலை ஒரு மணித்தியாலம். இதற்கு மேல் அட்டவணை போடாதீர்கள்.

படி 3: முதல் கதைக்கு ஒரு மழைமானி

என்ன எழுதுவது என்று பிள்ளை கேட்கும். “உன் ஊரைப் பற்றி எழுது” என்றால், எங்கள் ஊர் மிகவும் அழகானது என்று கட்டுரைப் பாணியில் ஆரம்பித்துவிடும். அதனால் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். மழையை அளப்பதைவிடச் சுலபமான வேலை எனக்குத் தெரியவில்லை.

வேண்டியவை ஒரு 1.5 லீற்றர் பிளாஸ்டிக் போத்தல், கத்தி, கொஞ்சம் கூழாங்கல், ஓர் அடிமட்டம், ஒட்டும் நாடா. போத்தலைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். இடுப்பு ஒடுங்கியதும் சுற்றிலும் வரிப்பள்ளம் விழுந்ததும் சரிவராது, பக்கம் நேராக இருக்க வேண்டும். கழுத்துச் சரிவு முடிகிற இடத்தில் வெட்டுங்கள் (கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும்). மூடியைக் கழற்றிவிட்டு, வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாக உள்ளே செருகினால் அதுவே புனல். அடியில் கூழாங்கல்லைப் போடுங்கள், காற்றுக்குச் சாயாது. போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் அங்கிருந்து அளக்க முடியாது. நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் 0 என்று கோடு போடுங்கள். அங்கிருந்து மேல்நோக்கி மில்லிமீற்றர் கணக்கில் நாடாவில் குறியுங்கள்.

வைக்கிற இடம் முக்கியம். இஸ்தோப்பு (முன் திண்ணை) ஓரத்தில் வைத்தால் மழையோடு தகரத்துத் தண்ணீரும் சேர்ந்து விழும். கூரையின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரமாவது தள்ளி, மரக்கறிப் பாத்திப் பக்கம் ஒரு கம்பு நட்டுக் கட்டிவிடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30 மணிக்கு அளக்கிறது. அதற்குள் பிள்ளை பாடசாலைக்குப் போயிருக்கும். 6.30க்கு அளந்தாலும் குறைவில்லை, ஆனால் தினமும் அதே நேரமாக இருக்க வேண்டும். குறித்த பின் 0 கோடு வரை தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வெயில் காலத்தில் தண்ணீர் வற்றி 0க்குக் கீழே இறங்கும். அப்போது மறுபடி ஊற்றி நிரப்ப வேண்டும். எத்தனை நாளுக்கு ஒரு முறை ஊற்றினோம் என்பதைக்கூட ஊவாப் பிள்ளை எழுதலாம், மழை பெய்யாததை வேறு எப்படித்தான் அளப்பது?

இனிக் கணக்கு. 1 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 லீற்றர் தண்ணீர். உங்கள் கூரை 6 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 24 சதுர மீற்றர். ஓர் இரவில் 50 மில்லிமீற்றர் பெய்தால் அந்தக் கூரையில் மட்டும் 1,200 லீற்றர் விழுந்திருக்கிறது. அவ்வளவும் கான் (வடிகால்) வழியே ஓடிப்போக, காலையில் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போகிறார். ஏன் என்று பிள்ளை கேட்கும். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள், அந்தக் கேள்வி கடிதத்தில் போகட்டும்.

போத்தலில் 75 என்ற இடத்தில் மட்டும் சிவப்புக் கோடு போடுங்கள். கடந்த 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் பெய்து, மழை இன்னும் தொடர்ந்தால் மண்சரிவு குறித்து விழிப்பாக இருக்கும்படி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைகள் சொல்கின்றன. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரமும் கம்பமும், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றையும் பிள்ளைக்குக் காட்டிக் கொடுங்கள். சிவப்புக் கோட்டைத் தொடாவிட்டாலும் இவற்றைக் கண்டால் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும், எச்சரிக்கை வந்தால் போத்தலைப் பார்க்காமல் வெளியேற வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

படி 4: அப்பாயியிடம் கேட்பது

இரண்டாவது கதைக்கு வீட்டுப் பெரியவர்களிடம் போகலாம். “அந்தக் காலத்தில் எப்படி இருந்தீர்கள்?” என்று கேட்டால், கஷ்டப்பட்டோம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பெரிய கேள்விக்குப் பதில் சின்னதாகத்தான் வரும். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் எந்த இடத்தில் அழுத்தும்? மழையில் நனைந்த கொழுந்துக்கு எடை எப்படிக் கழித்தார்கள்? இறாத்தலில் நிறுத்த காலமா, கிலோவா? கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடியைக் கத்தரித்த) மலையிலிருந்து விறகு யார் சுமந்தார்கள்?

பிள்ளை உடனே எழுத வேண்டாம். முதலில் கேட்கட்டும், மறுநாள் எழுதட்டும். ஒரு நாள் இடைவெளியில் எது நினைவில் நிற்கிறதோ அதுதான் கதை.

அதிகம் படிக்காத பெற்றோர் தயங்குகிற இடமும் இதுதான். தயங்கத் தேவையில்லை. எந்தக் கொழுந்தை எடுப்பது, எதை விடுவது என்று விரல் சொல்கிற வேகத்தில் பார்த்துப் பறிக்கிறவருக்குத் தெரிந்த தாவரவியல் பாடப்புத்தகத்தில் இல்லை. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அம்மா இன்று பறித்ததில் எத்தனை கிலோ தூள் வரும் என்று பிள்ளை வகுத்துப் பார்க்கட்டும். பாடப்புத்தகத்தையும் ஒதுக்க வேண்டாம். கிழிந்தோ தொலைந்தோ போயிருந்தால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

படி 5: எழுதும்போது

ஒரு கடிதத்தில் ஒரே விஷயம். ஓர் எண், ஓர் ஆள், ஒரு சம்பவம் இருந்தால் போதும்.

“நேற்று நல்ல மழை பெய்தது. எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தோம்.” இதில் யாருக்கும் பதில் எழுதத் தோன்றாது.

“இன்று காலை போத்தலில் 62. மேல் லயத்துக் கோழிக்கூட்டை வெள்ளம் கானுக்குள் இழுத்துக்கொண்டு போனது. கோழிகள் கூரையில் இருந்தன. இதெல்லாம் மழையா என்று அப்பாயி கேட்டார்.” இதை வாசித்த பிள்ளை கோழிக்கு என்ன ஆனது என்று கேட்காமல் விடாது.

எழுத்துப் பிழையை இந்தக் கொப்பியில் திருத்தாதீர்கள். வாசித்த பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் அதுவே எழுதிக் கேட்கும். அந்தத் திருத்தம் மறக்காது.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் புள்ளி, வகுப்பில் எத்தனையாம் இடம் என்பதெல்லாம் கடிதத்துக்குள் வரவே கூடாது. பெற்றோருக்குச் சொல்கிறேன். அதைக் கொண்டுவந்த மாதத்தோடு ஒரு பக்கத்திலிருந்து பதில் நின்றுவிடும்.

படி 6: அனுப்பும் வழி

பல லயங்களுக்கு இன்னும் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யார் கைக்காவது போய், ஆறுதலாகத்தான் வீடு சேரும். நகரத்தில் உங்களுக்கு வாடிக்கையான கடைக்காரர் சம்மதித்தால் அவருடைய முகவரியைப் போடுங்கள். ஒரே கொப்பியை மாறி மாறி அனுப்புவது எனக்குப் பிடித்த முறை. இரண்டு பிள்ளைகளின் கையெழுத்தும் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கும். தொலைந்துபோகும் என்று பயந்தால், அனுப்பும் முன் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவையுங்கள். எழுதச் சிரமப்படும் சின்னப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் குரல் பதிவு நல்லது, இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் முகம் தெரியும் படம், பாடசாலைப் பெயர், தனியாக நடந்து போகும் வழி ஆகியவை இந்த இரண்டு குடும்பத்துக்கு வெளியே போகக் கூடாது. அதை முதல் நாளே இரு வீட்டாரும் பேசிக்கொள்ளுங்கள்.

படி 7: பதில் போடுவது

பதிலுக்கு ஒரே விதி. வந்த கடிதத்திலிருந்து ஒரு கேள்வி கேட்ட பிறகுதான் தன் கதையைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் தங்கள் பாட்டில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி வற்றிப்போன மாதத்துக்கு ஒன்று வைத்திருக்கிறேன். உன் லயத்துக் கான் தண்ணீர் எந்தக் கடலுக்குப் போகிறது? மஸ்கெலியா ஓயா களனி கங்கையில் சேர்ந்து கொழும்புப் பக்கம் கடலுக்குப் போகிறது. தலவாக்கலையில் விழும் மழை கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து திருகோணமலைக்குப் போகிறது. பண்டாரவளை மலைகளில் தொடங்கும் கிரிந்தி ஓயா தெற்கே இறங்குகிறது. பெரியவர்களிடம் கேட்டும் வரைபடத்தில் விரல் வைத்தும் பிள்ளை தேடட்டும். முதல் ஓடைக்குப் பெரும்பாலும் வரைபடத்தில் பெயர் இருக்காது. லயத்தில் என்ன பெயர் சொல்கிறார்களோ அதை எழுதினால் போதும்.

பதில் வரத் தாமதமானால் உடனே மனம் சலிக்க வேண்டாம். கொழுந்து மிகுந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போக நேரிடும், பிள்ளை வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று வாரம் பொறுத்து, கதை எதுவும் இல்லாமல், அன்றைய மழை எண்ணை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்புங்கள். பெரும்பாலும் அவர்களுடைய எண் திரும்பி வரும்.