கொடை எலும்பு–குருத்தெலும்பு ஒட்டை மூட்டில் அசையாமல் பொருத்துவது எப்படி?

மூட்டின் சேதமடைந்த இடத்தில் வைக்கும், கொடையாளரின் எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த ஒட்டு நிலைத்து நிற்பது அதன் எலும்புப் பகுதியைப் பொறுத்தது. குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் இல்லாததால் அது அக்கம்பக்கத்தோடு எளிதில் இணைவதில்லை. அடியிலுள்ள எலும்பு நோயாளியின் எலும்போடு கூடும் வரை இறுக்கமான பொருத்தமே அதைத் தாங்குகிறது.

ஆகவே துளைக்கருவியைச் சேதமடைந்த மூட்டுப் பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்து, வெப்பத்தால் எலும்பு செத்துவிடாதபடி உப்புநீரைத் தொடர்ந்து ஊற்றிக்கொண்டு, இரத்தம் கசியும் நலமான எலும்பு தெரியும் வரை மட்டும் குழியெடுங்கள். ஒட்டின் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 6 முதல் 8 மில்லிமீட்டர் இருந்தால் போதும். பிறகு குழியின் ஆழத்தைக் கடிகாரத்தின் 12, 3, 6, 9 மணி நிலைகளில் அளந்து, அதே அளவுகளுக்கு ஒட்டின் அடியைச் சீவுங்கள். என் கருத்தில், வேறெந்தப் படியையும்விட இந்த அளவீட்டுக்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அடி குழியில் முழுமையாகப் படியாத ஒட்டு, பக்கச் சுவர்களில் எவ்வளவு இறுகியிருந்தாலும், எடை ஏறும்போது உள்ளே இறங்கிவிடக்கூடும்.

ஒட்டின் எலும்பிலுள்ள மஜ்ஜையை நீர்த்தாரையால் கழுவி நீக்குங்கள். விரலால் அழுத்திச் செருகுவதே சிறந்தது. தட்டியே ஆக வேண்டுமென்றால் மென்மையாகத் தட்டுங்கள், ஏனெனில் எந்த உயிருள்ள செல்களுக்காக இந்த ஒட்டைத் தேர்ந்தோமோ அவற்றையே பலத்த அடி கொன்றுவிடும். மேற்பரப்பு சுற்றியுள்ள குருத்தெலும்போடு சமமாக அமைய வேண்டும். மிகச் சிறிதளவு தாழ்ந்திருப்பதைப் பொறுக்கலாம், மேலெழுந்து நிற்பதை ஏற்கக் கூடாது.

இறுதியாக மூட்டை முழுமையாக மடக்கி நீட்டிப் பாருங்கள். ஒட்டு அசைந்தால், உடலில் கரையும் ஊசிகளையோ தலையில்லாத திருகுகளையோ சேர்த்து நிலைப்படுத்துங்கள்.