வெளிநாட்டுப் பல்கலைக்கழகச் சான்றிதழ்: பணம் கட்டும் முன் செய்யக் கூடாத தவறுகள்

ஆன்லைனில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கோர்ஸுக்குப் பணத்தைக் கட்டிவிட்டு, கோர்ஸையும் முடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் "அண்ணா, இந்த சர்டிபிகேட் செல்லுமா?" என்று கேட்கிறார்கள். ஜூனியர்களிடமிருந்து எனக்கு வரும் மெசேஜ்களில் பாதி இந்தக் கேள்விதான். செல்லும், செல்லாது என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அதை யாரிடம் நீட்டப் போகிறீர்கள் என்று தெரிய வேண்டும். கல்லூரியில் கிரெடிட்டுக்கு, அதாவது பட்டத்துக்குச் சேரும் பாடப் புள்ளிகளுக்குக் கேட்கிறீர்களா, ஐடி வேலைக்கா, வெளிநாட்டில் முதுகலைக்கு விண்ணப்பிக்கவா, அரசு வேலைக்கா? நாலு இடத்திலும் பதில் வேறு. இதை முடிவு செய்யாமல் கோர்ஸ் தேடத் தொடங்குவதுதான் முதல் தவறு, பின்னால் வருகிற பல தவறுகளும் இதிலிருந்தே வருகின்றன.

அடுத்தது, எட்எக்ஸ், கோர்செரா போன்ற ஆன்லைன் பாடத் தளத்தையும் பல்கலைக்கழகத்தையும் ஒன்றாக நினைப்பது. எட்எக்ஸை ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து 2012இல் தொடங்கின. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் ஆண்ட்ரூ இங், டாஃப்னி கோலர் இருவரும் கோர்செராவைத் தொடங்கினார்கள். இன்று இரண்டிலும் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பாடம் நடத்துகின்றன, கூடவே கூகுள், ஐபிஎம் போன்ற கம்பெனிகளும் நடத்துகின்றன. எட்எக்ஸை 2021இல் 2யூ என்ற நிறுவனம் 80 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. ஆக, நீங்கள் கணக்கு திறப்பது ஒரு தளத்தில், பாடத்தைத் தயாரித்தது ஒரு பல்கலைக்கழகம். சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயரும் சின்னமும் இருக்கும், அதற்காக நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆகிவிடவில்லை. ரெஸ்யூமில் கல்வித் தகுதி என்ற இடத்தில் பி.இ.க்கு மேலே 'ஹார்வர்டு பல்கலைக்கழகம்' என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். இன்டர்வியூவில் உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியும், ஒரு வரி பொய்யாகத் தெரிந்துவிட்டால் மற்ற வரிகளையும் அவர் நம்ப மாட்டார். 'சான்றிதழ்கள்' என்று தனித் தலைப்பு போட்டு, கோர்ஸின் பெயர், நடத்திய பல்கலைக்கழகம், எந்தத் தளம், எந்த ஆண்டு என்று எழுதினாலே போதும், அதுவே மரியாதையாக இருக்கும்.

இதே குழப்பம் பட்டப்படிப்பு விஷயத்தில் வந்தால் இழப்பு இன்னும் பெரிது. சில வாரத்து கோர்ஸுக்கு ஐயாயிரம் ரூபாய் போனால் போகட்டும் என்று விடலாம், ஆனால் ஆன்லைனிலேயே வெளிநாட்டு எம்பிஏ, ஆன்லைனிலேயே பிஎச்டி என்று விளம்பரம் பார்த்து லட்சக்கணக்கில் கட்டியவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து எட்டெக் கம்பெனிகள் (ஆன்லைனில் கல்வி விற்கும் கம்பெனிகள்) நடத்தும் ஆன்லைன் பிஎச்டியை அங்கீகரிப்பதில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரிலேயே சொல்லிவிட்டன. அங்கீகாரமில்லாத வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து தரப்படும் பட்டங்களைப் பற்றி 2023 டிசம்பரில் யுஜிசி மறுபடியும் எச்சரித்தது. விளம்பரத்தில் 'சர்வதேச அங்கீகாரம்' என்று போட்டிருந்தால், எந்த நாட்டில், எந்த அமைப்பு அங்கீகரித்தது என்று எழுத்தில் கேளுங்கள். போனில் பேசும் கவுன்சிலர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அவர் சொன்னதை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பத் தயங்கினால் அதிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

கல்லூரி கிரெடிட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இதில்தான். மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தின் கோர்ஸ்களை வைத்து 20 சதவீதம் வரை கிரெடிட் எடுக்கலாம் என்று யுஜிசி 2016இல் விதி கொண்டுவந்தது, 2021இல் அதை 40 சதவீதமாக உயர்த்தியது. இந்த விதி ஸ்வயத்துக்கு. அதைக் கேள்விப்பட்டு, ஆன்லைன் கோர்ஸ் எல்லாவற்றுக்கும் கிரெடிட் உண்டு என்று நினைத்துக்கொண்டு, கோர்செராவில் ஒன்றை முடித்து எடுத்துக்கொண்டு போய்த் துறைத்தலைவர் முன்னால் நிற்கிறார்கள். அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஸ்வயம் கோர்ஸே ஆனாலும் உங்கள் பல்கலைக்கழகமும் துறையும் எந்தக் கோர்ஸை, எந்தப் பாடத்துக்குப் பதிலாக ஏற்கும் என்று செமஸ்டர் தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கிரெடிட்தான் நோக்கம் என்றால் ஸ்வயத்தில் வரும் என்பிடெல் கோர்ஸ்கள்தான் நல்ல வழி என்பது என் கருத்து. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது, பரீட்சையை நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும், அதனாலேயே அந்தச் சான்றிதழுக்கு ஒரு கனம் இருக்கிறது. ஆனால் அங்கேயும் இரண்டு இடத்தில் வழுக்கி விழுகிறார்கள். கோர்ஸில் சேர்வது இலவசம், பரீட்சைக்குத் தனியாகப் பதிவு செய்து தனியாகப் பணம் கட்ட வேண்டும். சேர்ந்தாயிற்றே என்று இருந்துவிட்டு அந்தக் கடைசித் தேதியை விட்டவர்கள் நிறைய. இரண்டாவது மதிப்பெண் கணக்கு. அசைன்மென்ட்டுக்கு 25, பரீட்சைக்கு 75. சான்றிதழ் வேண்டுமென்றால் அசைன்மென்ட்டில் குறைந்தது 10, பரீட்சையில் குறைந்தது 30, இரண்டும் தனித்தனியாக எடுத்தாக வேண்டும். பரீட்சையில் 65 வாங்கிவிட்டு அசைன்மென்ட்டில் 8 மட்டும் வைத்திருந்தால் சான்றிதழ் கிடையாது. வாராவாரம் அரைமணி நேரம் ஒதுக்காததற்கு இவ்வளவு பெரிய விலையா என்று வருத்தமாக இருக்கும்.

இப்போது ஆடிட் விஷயம். எட்எக்ஸில் பல கோர்ஸ்களை ஆடிட் என்ற பெயரில் இலவசமாகப் படிக்கலாம், ஆனால் அந்த இலவச அனுமதிக்குக் காலக்கெடு உண்டு, மதிப்பெண் தரும் தேர்வுகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், பணம் கட்டி வெரிஃபைட் பாதைக்கு மாறவும் கடைசித் தேதி உண்டு. முதலில் முழுவதும் படித்துவிடலாம், பிடித்திருந்தால் கடைசியில் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து நானே ஒரு கோர்ஸை இழந்திருக்கிறேன். ஒன்பது வாரம் ராத்திரி உட்கார்ந்து எடுத்த குறிப்புகள் மட்டும் மிஞ்சின. சேர்ந்த அன்றே அந்த இரண்டு தேதிகளையும் போன் காலண்டரில் போட்டுவையுங்கள். கோர்செராவின் ஸ்பெஷலைசேஷனுக்கு (ஒரே துறையில் பல கோர்ஸ் சேர்ந்த தொகுப்பு) மாதச் சந்தா, அங்கே ஆபத்து வேறு மாதிரி: இலவச டிரையல் முடிந்த மறுநாளே கார்டிலிருந்து பணம் போகும், நீங்கள் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதத்துக்கும் போகும். பரீட்சை, கல்யாணம், ஊர்த்திருவிழா எதுவும் இல்லாத இரண்டு மாதம் பார்த்துச் சந்தாவைத் தொடங்குங்கள்.

பணம் இல்லையே என்று விட்டுவிடவும் வேண்டாம். கோர்செராவில் கட்டண உதவிக்கு விண்ணப்பிக்கலாம், ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பதில் வர இரண்டு வாரம்போல ஆகும். அந்தக் காத்திருப்பைக் கணக்கில் வைக்காமல், அவசரத்துக்குக் கடன் வாங்கிக் கட்டுபவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. ஹார்வர்டின் சிஎஸ்50 கணினி அறிமுகக் கோர்ஸ் இதற்கு இன்னொரு நல்ல உதாரணம். எட்எக்ஸ் வழியாகக் கட்டணச் சான்றிதழ் உண்டு, அதே கோர்ஸின் பயிற்சிகளையும் கடைசி புராஜெக்டையும் முடித்தவர்களுக்கு அந்தக் கோர்ஸ் குழுவே இலவசமாக ஒரு சான்றிதழ் தருகிறது. இது தெரியாமல் பணம் கட்டியவர்கள் எத்தனையோ பேர்.

அப்புறம் பெயர். சின்ன விஷயம்போல இருக்கும், தமிழர்களுக்கு இது பெரிய தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். தளத்தில் கணக்கு திறக்கும்போது அவசரத்தில் கூப்பிடும் பெயரை மட்டும் போட்டுவிடுவோம், அதுவே சான்றிதழில் அச்சாகும். ஐடி கார்டைப் படமெடுத்துச் சரிபார்க்கிற இடத்திலும் பெயர் ஒத்துப்போகாமல் மாட்டிக்கொள்வோம். வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு என்றால் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, கல்லூரி கிரெடிட்டுக்கு என்றால் கல்லூரிப் பதிவில் இருக்கிறபடியே, முதல் நாளிலேயே போட்டுவிடுங்கள். பிறகு மாற்றுவதற்கு மெயில் மேல் மெயில் போட வேண்டியிருக்கும்.

எண்ணிக்கைக்காகச் சேர்ப்பது இன்னொரு தவறு. லிங்க்ட்இனில் முப்பது சான்றிதழ் அடுக்கியிருப்பார்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. அதற்குப் பதிலாகத் தொடர்ச்சியாகப் போகும் பாதை ஒன்றைப் பிடியுங்கள். எம்ஐடி நடத்தும் சப்ளை செயின் மைக்ரோமாஸ்டர்ஸ் என்ற முதுகலை அளவிலான ஆன்லைன் தொகுப்பு ஐந்து கோர்ஸும் ஒரு இறுதித் தேர்வும் கொண்டது. அதை முடித்தவர்கள் எம்ஐடியின் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், இடம் கிடைத்தால் ஒரு செமஸ்டர் மட்டும் அங்கே நேரில் போய்ப் படித்து முடிக்கலாம். இடம் நிச்சயம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் இப்படி அடுத்த படிக்குக் கொண்டுபோகிற சான்றிதழுக்குச் செலவிடும் ஒரு வருடம் வீணாகாது.

விடையைப் பார்த்து எழுதுவதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்திலோ ஏஐயிடமோ விடை எடுத்து ஒட்டினால் கணக்கையே முடக்கிவிட வாய்ப்பு உண்டு, முடக்காவிட்டாலும் இன்டர்வியூவில் "இந்தக் கோர்ஸில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் வாய் திறக்க முடியாது. நீங்களாகச் செய்த ஒரு புராஜெக்டைக் காட்டிப் பேச முடிந்தால் சான்றிதழை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

முடித்ததும் பிடிஎஃப்பை மட்டும் இறக்கி வைத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். சான்றிதழை உறுதிசெய்கிற இணைப்பு ஒன்று தருவார்கள், ரெஸ்யூமில் அந்த இணைப்புதான் போக வேண்டும். பாடத்திட்டம், மொத்த மணி நேரம், உங்கள் மதிப்பெண் பக்கம் இவற்றையும் அன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு பல்கலைக்கழகமோ கம்பெனியோ கேட்கும்போது அந்தக் கோர்ஸ் தளத்தில் இல்லாமல் போயிருக்கலாம்.