யமன் பாடிப் பழகலாம்: முதல் படிகள்

இந்துஸ்தானி இசை கற்கப் போனால் பெரும்பாலும் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுக்கும் ராகம் யமன். விளக்கு வைத்த பிறகு, சுமார் 6 மணியிலிருந்து 9 மணிக்குள் பாடுவது. இசை அறிஞர் பாத்கண்டே வகுத்த 10 தாட்களில் (ராகங்களைப் பிரிக்கும் தாய் வகைகள்) கல்யாண் தாட்டைச் சேர்ந்தது. ஸ்வரங்கள் கர்நாடக இசை பழகிய நமக்குப் புதிதல்ல; 65ஆவது மேளமான (தாய் ராகமான) மேசகல்யாணியின், சுருக்கமாகக் கல்யாணியின், அதே ஏழுதான். ஆனாலும் கல்யாணி பாடத் தெரிந்தவர்தான் இதில் அதிகம் தடுமாறுவார்.

படி 1: சுருதி. தம்புரா செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான ப-ஸ-ஸ-ஸ போதும். முதல் தந்தியை நி-க்கு மாற்றும் வசதி இருந்தால் மாற்றிவிடுங்கள். யமனில் நி-க்கு வேலை அதிகம்.

படி 2: ஸ்வரங்கள். கீபோர்டில் ஸ-வை 'சி'யில் வைத்தால் சி, டி, இ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி. ம மட்டும் தீவிரம் (அரைப் படி உயர்ந்தது), மற்றதெல்லாம் சுத்தம். (இந்துஸ்தானிக்காரர்கள் சுத்த ரி, சுத்த த என்பது நம்முடைய சதுஸ்ருதி. குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

படி 3: ஏற்றமும் இறக்கமும். முன்னால் புள்ளி வைத்தது கீழ் ஸ்தாயி, பின்னால் கோடு போட்டது மேல் ஸ்தாயி.

.நி ரி க ம த நி ஸ'
ஸ' நி த ப ம க ரி ஸ

ஏறும்போது நடு ஸ்தாயி ஸ-வும் ப-வும் இல்லை என்பதைக் கவனியுங்கள். யமனின் முகமே இதில்தான் இருக்கிறது. .நி-யில் நின்று, ஸ-வைத் தாண்டி ரி-க்குப் போய், க-வில் மூச்சு உள்ளவரை நில்லுங்கள். தம்புரா ஸ-வையே ஒலித்துக்கொண்டிருப்பதால் குரல் போய் அதில் உட்காரத்தான் பார்க்கும். விடாதீர்கள். க-வில் நின்ற பிறகு ரி வழியாக மெல்ல ஸ-வுக்கு இறங்கினால், அந்த ஸ-வுக்கே தனி ருசி வரும். ஸ-ரி-க என்று நேராக ஏறவே கூடாது என்று சட்டமில்லை, பெரிய வித்வான்கள் ஏறுவார்கள். நீங்கள் முதல் சில மாதங்களுக்கு வேண்டாம்.

படி 4: பிடிகள், அதாவது ராகத்தைக் காட்டும் சிறு துணுக்குகள். க வாதி (ராகத்தின் முதன்மை ஸ்வரம்), நி சம்வாதி (அதற்கு அடுத்தது). இந்த இரண்டில்தான் அதிகம் நிற்க வேண்டும்.

.நி ரி க, ரி, ஸ
க ம ப, ரி, ஸ
ப ரி, .நி ரி ஸ

ப-விலிருந்து ரி-க்கு வரும்போது நடுவில் எங்கும் நிற்காமல் வழுக்கி இறங்குங்கள். இதுதான் மீண்ட்.

படி 5: ஆட்டாதீர்கள். கல்யாணியில் பழகிய தொண்டை ம-வையும் நி-யையும் கமகத்தோடு அசைத்துத்தான் பாடும். யமனில் ஸ்வரம் அசையாமல், தம்புராவோடு ஒட்டி நிற்க வேண்டும். இது வார்த்தையில் பிடிபடாது. விலாயத் கானின் சிதாரில் யமன் ஆலாபை (தாளமில்லாமல் ராகத்தை விரிப்பது) தேடிக் கேளுங்கள்.

பந்திஷ் (பாட்டு), தாளமெல்லாம் இதற்கு அப்புறம், குருவிடம். கேட்கும்போது எங்காவது இரண்டு க-வுக்கு நடுவில் சுத்த மத்யமம் எட்டிப் பார்த்தால் அது யமன் கல்யாண். இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.